ஒரே விலை, ஒரே பேச்சு

நம் சபை வாலிபரில் சொந்தமாக ஏதாவது விற்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடி வருகிறார்கள். ஒருவர் பிறந்தநாள் கேக் செய்கிறார். ஒருவர் கல்யாண மேடை அலங்கரிக்கிறார். பிளவுஸ் தைக்கிறவர், படம் பிடிக்கிறவர், கணக்கு டியூஷன் எடுக்கிறவர், அம்மாவோடு சேர்ந்து முறுக்கும் எள்ளுருண்டையும் செய்து விற்கிறவர் என்று பட்டியல் நீளும். கடை வாடகை கிடையாது. ஒரு கைப்பேசியும் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கும் இருந்தால் போதும். இந்த நாட்டுக்கு வந்த நம் பெற்றோரில் பலர் ஒரு சிறிய கடைக்கு முன்பணம் சேர்க்கவே வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகள் சமையலறை மேசையிலிருந்தே தொழில் தொடங்குவதைப் பார்க்கும்போது கர்த்தருக்கு நன்றி சொல்கிறோம்.

வேதத்துக்கு வியாபாரம் புதிதல்ல. பிலிப்பி பட்டணத்தில் பவுலின் பேச்சைக் கேட்டு இருதயம் திறக்கப்பட்ட லீதியாள், தியத்தீரா ஊரைச் சேர்ந்த இரத்தாம்பர வியாபாரி. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிறவர்கள். பவுலும் அதே தொழில் தெரிந்தவர் என்பதால் கொரிந்துவில் அவர்களோடு தங்கி வேலை செய்தார். ஆகவே விற்கலாமா என்பது நம் கேள்வியல்ல. விற்கும்போது நம் பொருளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்லித்தர இன்று ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்கு, நாலு உறவினரை வைத்து ஐந்து நட்சத்திரம் போடு, 'இன்றே கடைசி' என்று தினமும் எழுது என்று அவற்றில் பல சொல்கின்றன. எல்லாரும் செய்கிறார்களே என்று நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நாம் குடியேறியிருக்கும் இந்தப் பிரித்தானிய மண்ணிலேயே, விசுவாசத்தையும் வியாபாரத்தையும் ஒன்றாகச் சுமந்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுடைய கதையில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

தொப்பியைக் கழற்றாத கடைக்காரர்கள்

17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் பிரசங்கத்தால் இங்கிலாந்தில் எழும்பியவர்கள் குவேக்கர்கள். பெரிய மனிதர் முன்னும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் போதித்திருக்க, சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்பதுபோல் ஆகிவிடாதா என்று கேட்டார்கள்.

இதே எண்ணம் அவர்கள் கடைக்குள்ளும் வந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பொருளுக்கும் நிலையான விலை கிடையாது. கடைக்காரர் கூட்டிச் சொல்வார், வாங்குகிறவர் குறைத்துக் கேட்பார், இரண்டு பேரும் பொய் சொல்லி நடுவில் எங்கோ முடிப்பார்கள். வாங்க மனமில்லாத விலையைக் கேட்பதும், விற்க மனமில்லாத விலையைச் சொல்வதும் பொய்தானே என்று குவேக்கர்கள் ஒரே விலை சொல்லத் தொடங்கினார்கள்.

முதலில் வியாபாரம் படுத்தது. தொப்பி கழற்றாத, பேரம் பேசாத இந்த விநோதமான ஆட்களிடம் யாரும் வரவில்லை. பிறகு நிலைமை மாறியது. ஒரு சிறு பிள்ளையைக் காசோடு அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் அதே விலையும் அதே சரக்கும் கிடைக்கும் என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். ஃபாக்ஸ் தாமே இந்த மாற்றத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைத்திருந்தன. அரச திருச்சபையைச் சேராதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற முடியாது. அதனால் அவர்களுடைய திறமை தொழிலுக்குப் போயிற்று. இன்று நாம் கணக்கு வைத்திருக்கும் பார்க்ளேஸ், லாய்ட்ஸ் வங்கிகள், பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கப்போகும் கிளார்க்ஸ், ஃப்ரை, ரௌன்ட்ரீ, கேட்பரி சாக்லேட்டுகள் எல்லாம் குவேக்கர் குடும்பங்கள் தொடங்கியவை. அவர்களுடைய சபைக்கூட்டம் உறுப்பினரின் வியாபாரத்தையும் விசாரித்தது. கடனை அடைக்காமல் நொடித்துப்போனவரைச் சபையிலிருந்து நீக்கியதும் உண்டு. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவரின் கணக்குப் புத்தகமும் அவருடைய சாட்சியின் ஒரு பகுதி என்று அந்தச் சபை நினைத்தது.

அமெரிக்காவில் இதே வழியில் போனவர் ஜான் வானமேக்கர். பிலடெல்பியாவில் 1858-இல் பெத்தானி ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய பிரெஸ்பிட்டேரியன் விசுவாசி. 1861-இல் துணிக்கடை திறந்தார். பொருளில் விலைச்சீட்டு ஒட்டுவதையும், பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதையும் அந்நாட்டில் பரவலாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

கோகோவில் கலந்த மாவு

ஜான் கேட்பரி 1824-இல் பர்மிங்ஹாமின் புல் ஸ்ட்ரீட்டில் தேயிலை, காப்பி, குடிக்கும் சாக்லேட் விற்கும் கடை வைத்தார். 1861-இல் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றபோது தொழில் நலிந்திருந்தது. அக்காலத்துக் கோகோவில் கொழுப்பு அதிகம். அதை உறிஞ்சுவதற்கென்று உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசி மாவும் கலப்பது வழக்கம். கேட்பரியின் பழைய கோகோவும் அதற்கு விலக்கல்ல. மனச்சாட்சியில்லாத சில வியாபாரிகள் நிறத்துக்காகச் செங்கல்தூள்கூடச் சேர்த்தார்கள். 1850-களில் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் லண்டன் கடைகளின் உணவுப்பொருள்களை நுண்ணோக்கியில் சோதித்து, கலப்படத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்.

சகோதரர்கள் இருவரும் ஹாலந்திலிருந்து ஓர் அழுத்த இயந்திரத்தை வாங்கினார்கள். அது கோகோவின் கொழுப்பைப் பிழிந்து எடுத்துவிடும், மாவு கலக்கத் தேவையில்லை. 1866-இல் 'கோகோ எசென்ஸ்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. விளம்பரத்தில் அவர்கள் அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று: இதில் கலப்பில்லை. வெறும் கோகோ மட்டுமே. 1875-இல் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் வந்தபோது நாடு முழுக்கக் கலப்படத்தைப் பற்றியே பேச்சு. அந்த நேரத்தில் கேட்பரியின் பெயர் தூய்மையோடு சேர்ந்து மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் பொருளைத் திருத்தினார்கள், பிறகு விளம்பரம் செய்தார்கள். நம் வாலிபரில் பலர் இலச்சினைக்கும் நிறத்துக்கும் மூன்று வாரம் செலவிட்டு, கேக்கை எப்படி உடையாமல் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதற்கு மூன்று நிமிடம் செலவிடுகிறார்கள்.

தூய்மையின் மறுபக்கம்

கதை இங்கே முடிந்திருந்தால் கேட்பரிக்கு மாலை போட்டுவிட்டுப் போயிருப்போம். ஆனால் 1901-இல் வில்லியம் கேட்பரிக்கு ஒரு செய்தி வந்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே போர்த்துக்கீசர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து அவர்கள் வாங்கும் கோகோ, அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் அடிமை உழைப்பில் விளைகிறது என்ற செய்தி. அவர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை. விசாரித்தார்கள், ஜோசப் பர்ட் என்பவரை 1905-இல் நேரில் பார்க்க அனுப்பினார்கள், அரசாங்கங்களோடு பேசினார்கள். ஆனால் அதே காலத்தில் அந்தக் கோகோவைத் தொடர்ந்து வாங்கியும் வந்தார்கள். 1909 மார்ச்சில்தான் வாங்குவதை நிறுத்தினார்கள்.

அதற்கு முந்தைய வருடம் 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகை இதைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் ஜூரிகள் கேட்பரிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் நஷ்டஈடாகக் கொடுத்தது ஒரு ஃபார்த்திங், அதாவது பழைய பென்னியில் கால்பங்கு. சட்டப்படி நீங்கள் ஜெயித்தீர்கள், ஆனால் உங்கள் பெயருக்கு நேர்ந்த சேதம் இவ்வளவுதான் பெறும் என்று அந்தக் காசு சொல்லாமல் சொன்னது.

அவர்கள் கெட்டவர்களல்ல. போர்ன்வில்லில் தொழிலாளருக்கு வீடும் தோட்டமும் அமைத்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், தெரிந்துகொண்டதற்கும் நிறுத்தியதற்கும் இடையில் எட்டு வருடம் ஆயிற்று. நம் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதும் பொட்டலத்துக்குள் வந்து சேர்ந்த வழியும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியது இதனால்தான். 'கையால் செய்தது' என்று போட்டு மொத்த விற்பனைத் தளத்தில் வாங்கிய நகையை விற்கிறோமா? 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று எழுதி வெளியிலிருந்து வாங்கிய மாவைப் பிசைகிறோமா? அடுத்தவர் செய்த மேடையின் படத்தை நம் பக்கத்தில் போட்டிருக்கிறோமா?

ஒரு வேடிக்கைப் பேச்சின் விலை

வாயும் ஒரு விளம்பரம்தான். 1991-இல் ஜெரால்ட் ராட்னர் இந்த நாட்டின் பெரிய நகைக்கடைக்காரர். ஊருக்கு ஊர் கடைகள். ஏப்ரல் 23 அன்று ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தொழிலதிபர்கள் கூட்டத்தில் பேசும்போது, தம் கடையில் விற்கும் ஒரு பொருளைக் குப்பை என்று கேலி செய்தார். தம் கடைத் தோடு ஒன்று ஓர் இறால் சாண்ட்விச்சைவிட மலிவு, அதைவிட அதிக நாள் நிலைக்குமோ தெரியாது என்றும் சொன்னார். மண்டபம் சிரித்தது. மறுநாள் பத்திரிகைகள் அதைப் போட்டன. காதலிக்கும் தாய்க்கும் அந்தக் கடையில் பரிசு வாங்கிய சாதாரண மக்கள் சிரிக்கவில்லை. நிறுவனத்தின் மதிப்பில் சுமார் 50 கோடி பவுண்டு கரைந்தது. அடுத்த வருடம் அவர் பதவியை விட்டுப் போனார். 1993-இல் நிறுவனமே தன் பெயரை மாற்றிக்கொண்டது.

அன்று ஒரு மேடையும் பத்திரிகையாளரும் தேவைப்பட்டார்கள். இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். வாடிக்கையாளரின் கோபமான செய்தியைப் பெயரை மறைத்துப் போட்டு, 'இப்படியும் சிலர்' என்று சிரிக்கும் பதிவுகளை நாம் பார்க்கிறோம். நம் ஊரார் வட்டம் சிறியது. அது யார் என்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாவைப் பற்றி யாக்கோபு எழுதிய மூன்றாம் அதிகாரத்தைத் தொழில் செய்கிற வாலிபர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை வாசிப்பது நல்லது.

இனி நம் கைப்பேசிக்கு வருவோம்

விலை. 'விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்' என்று எழுதும் பழக்கம் நம்மிடையே அதிகம். கேட்கிறவரின் முகப்பக்கத்தைப் பார்த்து விலை சொல்லத்தான் அது வழி திறக்கிறது. ஒரு கிலோ கேக் இவ்வளவு, இரண்டு தட்டு இவ்வளவு, கொண்டுவந்து தருவதற்கு இவ்வளவு என்று ஒரு விலைப்பட்டியலைப் பக்கத்தின் மேலே நிறுத்தி வையுங்கள். அளவைப் பொறுத்து மாறுமென்றால் 'இத்தனை பவுண்டிலிருந்து' என்று எழுதுங்கள். கட்டாயமாகக் கட்டவேண்டிய எந்தக் கட்டணத்தையும் கடைசியில் சேர்க்காமல் முதலிலேயே காட்டவேண்டும் என்று இப்போது சட்டமும் சொல்கிறது.

விமர்சனங்கள். 2024-ஆம் ஆண்டின் டிஜிட்டல் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டத்தின்படி, 2025 ஏப்ரல் 6 முதல் போலி விமர்சனம் எழுதுவதும் எழுதச் சொல்வதும் இங்கே தடை செய்யப்பட்டவை. இலவசம் கொடுத்து எழுதவைத்ததை மறைப்பதும் அப்படியே. மீறும் நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். வாங்காத மச்சாள் ஐந்து நட்சத்திரம் போடுவது பாசமாக இருக்கலாம், சட்டத்தின் கண்ணில் அது போலி. நீதிமொழிகள் கண்டிக்கும் கள்ளத்தராசு நினைவிருக்கிறதா? நட்சத்திரங்களும் ஒரு தராசுதான். முன்பின் தெரியாத ஒருவர் அதை நம்பித்தான் காசு கட்டுகிறார். விமர்சனமே இல்லாத ஆரம்ப நாட்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உண்மையாக வாங்கிய ஒவ்வொருவரிடமும் இரண்டு நாள் கழித்து ஒரு வரி கேளுங்கள். நல்லதோ கெட்டதோ வருவதை வைத்திருங்கள். மெதுவாகத்தான் சேரும்.

ஒவ்வாமை. உணவு விற்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காரியம் இல்லை. 2016-இல் 15 வயதுப் பெண் ஒருத்தி விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டு இறந்தாள். அதில் எள் இருந்தது. உறையில் அது எழுதப்படவில்லை. அவளுடைய பெற்றோரின் போராட்டத்தால் 2021 அக்டோபரில், கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் உணவில் எல்லாச் சேர்மானங்களையும் எழுதவேண்டும் என்ற சட்டம் வந்தது. நம் எள்ளுருண்டையையும் முந்திரி போட்ட கேசரியையும் கடலை போட்ட மிக்சரையும் நினைத்துப் பாருங்கள். இணையத்திலோ தொலைபேசியிலோ ஆர்டர் எடுத்தால், சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் எவை இருக்கின்றன என்பதை வாங்குமுன்பும், கொண்டுபோய்க் கொடுக்கும்போதும் தெரிவிக்கவேண்டும். வீட்டில் சமைத்துத் தொடர்ந்து விற்பவர்கள் தொடங்குவதற்கு 28 நாளுக்கு முன் உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அழகான படத்தின் கீழே இந்த விவரத்தையும் எழுதுகிறவரே பிறனை நேசிக்கிற வியாபாரி.

விளம்பரமா, சாட்சியா? பின்தொடர்பவர்கள் அதிகமுள்ள வாலிபர் சிலருக்குக் கடைகள் இலவசமாகச் சேலையோ உணவோ கொடுத்துப் பேசச் சொல்கின்றன. அப்படிப் பெற்றுக்கொண்டால் அது விளம்பரம் என்று பதிவின் தொடக்கத்திலேயே தெளிவாகக் குறிப்பிடவேண்டும்.

சபைக் குழு. சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தம் எண்ணைத் தந்தது ஜெபக்குறிப்புக்கும் ஆராதனை நேரம் அறியவும். அந்த எண்ணை எடுத்து விற்பனைச் செய்தி அனுப்புவது சரியல்ல. தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியமானது வேறு. புதிதாகச் சபைக்கு வந்த ஒரு குடும்பம், தங்களிடம் அன்பாகப் பேசியவர் இரண்டாம் வாரம் ஒரு பட்டியலை நீட்டினால், முதல் வாரத்து அன்பையும் சந்தேகிக்கும். நம் சபைகளில் வாலிபர் தொழில்களுக்கென்று ஒரு தனிப் பலகையோ தனிக் குழுவோ வைக்கலாம். விரும்புகிறவர் சேரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை

இதுவரை விற்கிறவர்களிடம் பேசினோம். வாங்குகிறவர்களும் கேட்கவேண்டும். 'நம்ம சபைப் பிள்ளைதானே, குறைச்சுப் போடு' என்று சொல்லாத குடும்பம் நம்மில் குறைவு. படம் பிடிக்கிற தம்பி ஒரு கல்யாணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, பிறகு பல இரவுகள் கணினியின் முன் உட்காருகிறார். அவரிடம் நண்பர் விலை கேட்கிறோம். அதே நாளில் மண்டபக்காரர் சொன்ன தொகையை மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். கேக் செய்கிற தங்கை சபை விழாவுக்கு இலவசமாகத் தருவாள் என்று அவளைக் கேட்காமலே அறிவிக்கிறோம்.

வாங்கும்போது பொருளைக் குறைசொல்லிவிட்டு, அப்பால் போனபின் மலிவாய் வாங்கினேன் என்று பெருமைப்படுகிறவனைப் பற்றி நீதிமொழிகள் இருபதாம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அந்த வசனம் நம் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பது ஊழியருக்கு மட்டும் பொருந்துவதல்ல. பிள்ளைகள் நேர்மையாக ஒரே விலை சொல்லவேண்டுமென்றால், பெரியவர்கள் அந்த விலையைக் கொடுக்கவேண்டும். பேரம் பேசியே தீருவோம் என்று நாம் நின்றால், முதலிலேயே கூட்டிச் சொல்ல அவர்களுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

சிலுவை ஓர் இலச்சினை அல்ல

கடைசியாக ஒன்று. காலை உணவுக்கு நாம் வாங்கும் குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். 1877-இல் அமெரிக்காவில் அந்த வணிகச் சின்னத்தைப் பதிவு செய்தவர்களுக்குக் குவேக்கர் சபையோடு எந்தத் தொடர்பும் இல்லை. குவேக்கர் என்றால் நேர்மை என்று ஜனங்கள் நினைத்ததால் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நூற்றாண்டு பேரம் பேசாமல், அளவில் குறைக்காமல் பெயரறியாத கடைக்காரர்கள் சம்பாதித்த மதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரின் டப்பாவில் ஏறிக்கொண்டது.

இதை இரண்டு விதமாக நினைக்கலாம். விசுவாசிகளின் நேர்மை எவ்வளவு விலைமதிப்புள்ளது என்று சந்தோஷப்படலாம். அந்த நேர்மை இல்லாமலே அதன் அடையாளத்தை மட்டும் ஒட்டிக்கொள்வது எவ்வளவு எளிது என்று பயப்படவும் வேண்டும். பக்கத்தின் தலைப்பில் வசனமும், இலச்சினையில் சிலுவையும் மீனும் வைப்பதற்குமுன் நம்மை நாமே கேட்போம்: கேக் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அந்தத் தாய் என் பெயரை மட்டுமா திட்டுவார்? அடையாளத்தை வைக்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வைத்தால், தவறு நடந்த நாளில் உடனே மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் மனதும் இருக்கட்டும். திரண்ட ஐசுவரியத்தைவிட நற்பெயர் மேலானது என்று ஞானி சொன்னதை நாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். அது வியாபாரிகளுக்கும் எழுதப்பட்டதுதான்.

வாலிபர் கூட்டத்தில் கலந்துபேச

1. உங்கள் பக்கத்தில் இப்போது இருக்கும் கடைசி ஐந்து பதிவுகளைப் பாருங்கள். வாங்குகிறவரைத் தவறாக நினைக்கவைக்கும் வரியோ படமோ ஏதாவது இருக்கிறதா?

2. கேட்பரி குடும்பம் 1901-இலேயே வாங்குவதை நிறுத்தியிருக்கவேண்டுமா? உள்ளே இருந்து மாற்ற முயன்றது சரியா? இரண்டு பக்கமும் பேசுங்கள்.

3. தொழில் செய்கிற வாலிபர் தம் கணக்கையும் விலையையும் காட்டி ஆலோசனை கேட்க, நம் சபையில் இரண்டு மூத்தவர்களை ஏற்படுத்த முடியுமா? யாரைக் கேட்பீர்கள்?

4. நம் குடும்பம் கடைசியாக ஒரு சபைப் பிள்ளையிடம் வாங்கியபோது முழு விலை கொடுத்தோமா?

உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.